ஆயுத பூசைத் தோரணமும் அடங்காத ரெசிடுவலும்

போன வாரம், என்னிடம் இந்தக் கணக்கு வேலை பழகிய உங்களில் ஒருவர் எனக்குப் போன் போட்டு, "மேடம், ரெசிடுவல் இறங்கவே மாட்டேங்குது. ரிலாக்ஸேஷனை இன்னும் குறைச்சு அமுக்கிடவா?" என்று அழாத குறையாகக் கேட்டார். யாரென்று சொல்ல மாட்டேன். அவருக்குச் சீக்கிரம் கல்யாணம், எனக்குப் பத்திரிகை வராமல் போய்விடும். "கையை எடு, ஒண்ணும் பண்ணாதே, எழுதி அனுப்புறேன்" என்றேன். எழுதியதை எல்லாரும்தான் படிக்கட்டுமே என்று இப்போது பொதுவில் போடுகிறேன். ரிட்டயர் ஆனவளுக்கு ஒரு வசதி, யாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டிய கட்டாயம் கிடையாது.

நம் தொழில் என்னவென்று உங்கள் வீட்டில் கேட்டால் என்ன சொல்லிச் சமாளிக்கிறீர்களோ தெரியாது. என் மாமியார் அக்கம்பக்கத்தில், "எம் மருமவ காத்துக்கு ஜாதகம் பாக்கா" என்றுதான் சொல்லிவந்தார். பெரிதாகத் தப்பில்லை. காற்றோ தண்ணீரோ, நாம் பார்க்கிற வேகத்தில் அதை அமுக்கிச் சுருக்க முடியாது என்று வைத்துக்கொள்கிறோம். இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் வந்தது அத்தனையும் வெளியே போயாக வேண்டும். அப்படிப் போவதற்கு எங்கே எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று குத்துமதிப்பாக ஆரம்பித்து, திருத்தித் திருத்திப் பிடிக்கிறோம்.

அழுத்தம் என்பது கல்யாணப் பந்தி வாசலில் நிற்கிற மாமா மாதிரி. உள்ளே நாலு பேர் எழுந்தால்தான் வெளியே நாலு பேரை விடுவார். அவருக்கென்று தனியாக இலை கிடையாது, கணக்கு நேராவதற்காகவே நிற்கிறார். ஒவ்வொரு சுற்றுத் திருத்தத்துக்குப் பிறகும் மிச்சமிருக்கிற தப்புக்குப் பெயர்தான் ரெசிடுவல். ஒரு சுற்றில் எவ்வளவு திருத்தலாம் என்பதற்குக் கடிவாளம் ரிலாக்ஸேஷன். ரெசிடுவலைத் திரையில் கோடாகப் போட்டுப் பார்ப்போம், அந்தக் கோடு இறங்கினால் நமக்கு நிம்மதி, இறங்காவிட்டால் நமக்குத் தூக்கம் போய்விடும்.

இறங்காத ஒரு கோட்டின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் ராஜபாளையத்தில் ஓர் உரக்கடை மாடியில் இருந்தது. நானும் கணேசனும்தான் மொத்த ஆபீஸ். கணேசன் தளவாய்புரத்துக்காரர், என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல் மில்லிலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு மெஷின்கள் ஓடுகிற ஹாலில் ஒரே ஒரு மூலையில் மட்டும் நூல் அடிக்கடி அறுகிறது, என்ன காரணம் என்று பார்க்க வேண்டும்.

நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று காய்ந்தால் நூல் பட்டென்று தெறிக்கும். அதற்காகவே மில்லில் ஹுமிடிட்டி பிளான்ட் வைத்து, மேலே குழாய் வழியாக ஈரக்காற்றை இறக்கி, சுவரோரத்து ஜாலி, அதாவது கம்பிவலைத் திறப்பு வழியாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்வார்கள். ஆனால் மில் மேனேஜருக்குக் காற்றின் மேல் சந்தேகமே இல்லை. அந்த மூலையில் வேலை பார்த்த புஷ்பத்தின் மேல்தான் சந்தேகம். மரியபுஷ்பம் என்று முழுப்பெயர், வ. புதுப்பட்டியிலிருந்து மில் பஸ்ஸில் வருகிறவர். சைடர் வேலை, அதாவது நூல் அறுந்தால் ஓடிப்போய் ஒட்டுகிற வேலை. கவனக்குறைவு என்று மேனேஜர் அவருக்கு மெமோ கொடுத்து, ஆயுத பூசை முடிந்ததும் விசாரணை என்று சொல்லியிருந்தார்.

முதலாளி நியாயஸ்தர்தான். "மெஷின்ல குத்தமா, காத்துல குத்தமா, ஆள்ல குத்தமா, அதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுவோம்" என்று சொல்லிவிட்டார். ஃபிட்டர்கள் பார்த்து மெஷினில் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது நாங்கள். காற்றிலும் குற்றமில்லை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், மிச்சம் இருப்பது புஷ்பம் மட்டும்தான்.

அளவெடுக்கப் போன அன்று அவரைப் பார்த்தேன். நான் டேப்பை நீட்டியதும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்களும் எம்புட்டு நூலு அறுதுன்னு எண்ணத்தான் வந்தியளா?"

"இல்லம்மா, நான் காத்தைப் பாக்க வந்தேன்."

"நல்லாப் பாருங்க. என்னைய எல்லாரும் பாத்தாச்சு. நான் வேற ஃபிரேம்ல நின்னப்ப ஒரு சொல்லு வாங்குனதில்ல. இங்க வந்த பொறவு ஒட்டி ஒட்டி விரலு தேஞ்சதுதான் மிச்சம். விசாரணைல போனவன்னு பேரு வந்துட்டா ராஜபாளையத்துல எந்த மில்லுல என்னைய சேப்பாக?"

நான் தூணையும் ஜாலியையும் அளக்க ஆரம்பித்தேன். அந்த மூலையில் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலாக எழும்பிய ஒரு கண்ணாடி கேபின் இருந்தது. மேனேஜர் உட்கார்ந்து ஹாலைக் கண்காணிக்கிற கேபின். அதையும் அளந்தேன். மேனேஜர் வெளியே வந்து, "என் கேபினையுமா கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க?" என்று பெருமையாகச் சிரித்தார். "உங்களை விட்டுட்டு ஹாலா சார்?" என்றேன்.

ஆபீஸில் கணேசன் கணக்கை ஓடவிட்டார். கோடு கொஞ்சம் இறங்கியது, நின்றது, ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. ஒரே சீராக ஆடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, இது கணக்கா கபடியா? தொடுது, ஓடுது, தொடுது, ஓடுது" என்றார் கணேசன்.

மறுநாள் நான் ஆபீஸுக்கு வந்தபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. திரையில் கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. ஹால் படம் முழுக்க ஒரே நீலம், எங்கேயும் ஒரு சுளிப்பு இல்லை.

"பாருங்க, எம்புட்டு அழகா அடங்கிருச்சு. எல்லா மூலையிலயும் ஒரே மாதிரி காத்து. ரிப்போர்ட் போட்டுரலாம்."

"என்ன பண்ணே?"

"ரிலாக்ஸேஷனைக் குறைச்சேன். அதுக்கும் அடங்கல. பொறவு ஸ்கீமை முதல் படிக்கு மாத்துனேன். அதெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கு அக்கா."

"அதே புஸ்தகத்துல அடுத்த பக்கத்தையும் செத்த நேரம் புரட்டியிருக்கலாமே ராசா."

அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் படி ஸ்கீம் என்கிற முறையில் ஒவ்வொரு கட்டமும் தனக்குக் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கட்டத்தின் மதிப்பை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். கணக்கு ரொம்பப் பத்திரமாக ஓடும். ஆனால் கூர்மையாக இருப்பதையெல்லாம் மழுக்கிவிடும். காற்றில் இல்லாத பிசுபிசுப்பை நாமே ஊற்றியது போல் ஆகிவிடும். விளக்கெண்ணெய்க்குள் எது ஆடும்? புஷ்பம் நிற்கிற மூலையில் விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டு, காற்று சீராக இருக்கிறது என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார் இந்த மனுஷன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன். "மேடம், ஒரே ஒரு வரி போதும். காத்து நல்லாருக்குன்னு. படம் கலர்ல இருந்தா இன்னும் நல்லது."

"காத்துக்கு இன்னும் மனசு வரல சார்" என்று சொல்லி வைத்தேன்.

இப்போது முடிவெடுக்க வேண்டிய இடம். ஆடுகிற கணக்கு, ஆடாத கணக்கு, கையில் இரண்டும் இருக்கின்றன. ஆட்டம் கணக்கின் கோளாறாகவும் இருக்கலாம், காற்றின் குணமாகவும் இருக்கலாம். இதில் நான் புத்திசாலி என்று காட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. பழைய ஸ்கீமுக்கே திரும்பி, அந்த மூலையில் கட்டங்களை இன்னும் பொடியாக வெட்டச் சொன்னேன். கணக்கின் கோளாறு என்றால் ஆட்டம் குறைய வேண்டும். கூடியது. நேரத்தோடு சேர்த்து ஓடவிடச் சொன்னேன், அதாவது காற்று ஒரே நிலையில் நிற்கும் என்று எதிர்பார்க்காமல், நொடிக்கு நொடி என்ன செய்கிறது என்று பார்ப்பது. அப்போதுதான் குட்டு உடைந்தது. மேலேயிருந்து இறங்குகிற காற்று கேபின் கண்ணாடியில் மோதி இரண்டு பக்கமும் வழி தேடுகிறது. ஒரு தடவை ஜன்னல் பக்கம் சாய்கிறது, மறு தடவை நடைபாதைப் பக்கம் சாய்கிறது. நடுவில் புஷ்பத்தின் ஃபிரேமுக்கு ஈரக்காற்று வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது. கணக்கில் கேபினை எடுத்துவிட்டு ஓடவிட்டோம். கோடு சமர்த்தாக இறங்கியது.

கணேசன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நூலு அறுதான்னு பாக்குறதுக்குக் கட்டுன கேபினு அக்கா அது!"

நான் சிரித்த சிரிப்பில் கீழே உரக்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று மாடி ஏறி வந்துவிட்டார்.

ஆனால் சிரித்து என்ன பண்ண? மூலையில் காற்று ஆடுகிறது என்று மட்டும் முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஆடுறதெல்லாம் நெசத்துல ஆடுமாம்மா? கண்ணால பாத்தா ஒத்துக்கிடுதேன்" என்றார். நியாயம்தான். காற்றைக் கண்ணுக்குக் காட்ட ஏதாவது தொங்கவிட வேண்டும். மேனேஜரோ, ஓடுகிற ஹாலில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தொங்கக் கூடாது, மெஷின் இழுத்துக்கொள்ளும் என்றார். அதுவும் நியாயம்தான். பஞ்சு இருக்கிற இடத்தில் புகை போட்டுக் காட்டவும் முடியாது. ஹுமிடிட்டி மீட்டரோ ஹாலின் நடுத்தூணில் பதித்திருந்தது, நடுவில் எல்லாம் சுகமே. எல்லாரும் நியாயமாகப் பேசிக்கொண்டிருக்க, விசாரணை மட்டும் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு விஷமம் தட்டியது. வருஷத்தில் ஒரே ஒரு நாள் மெஷினெல்லாம் நின்றிருக்கும், ஹால் முழுக்கக் கலர்க் காகிதம் தொங்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். நேரே மேனேஜரிடம் போனேன்.

"சார், இந்த வருஷம் ஆயுத பூசைக்கு ஹால் தோரணம் முழுக்க எங்க ஆபீஸ் பொறுப்பு. எங்களுக்கும் மில்லுக்கும் உள்ள உறவுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

மனுஷர் குளிர்ந்துபோனார். "தாராளமாச் செய்யுங்க மேடம். நம்ம கேபின் முன்னாடி மட்டும் கொஞ்சம் கூடுதலாப் போடுங்க. முதலாளி வீட்டுப் பெரியவிய வந்து நிப்பாக."

"கட்டாயம் போட்டுருவோம் சார்" என்றேன். கணேசன் சிரிப்பை அடக்க முடியாமல், போன் வந்தது போல் பாவனை செய்துகொண்டு வெளியே ஓடிவிட்டார்.

வெளியே வந்தபிறகுதான் அவருக்குக் கவலை பிடித்தது. "அக்கா, மெஷின் நின்னா காத்தோட்டம் மாறிருமே?"

நல்ல கேள்வி. இப்படிப்பட்ட கேள்வியை நீங்களும் கேட்டுப் பழகுங்கள். "நம்ம கணக்குல மட்டும் மெஷினு சுத்துதாக்கும்? அங்கயும் சும்மா பெட்டியாத்தான நிக்குது. நம்ம கணக்கு எந்த ஹாலுக்கோ அந்த ஹாலு பூசை அன்னைக்குத்தான் கெடைக்கும்" என்றேன். ஹுமிடிட்டி பிளான்ட் மட்டும் ஓட வேண்டும். விருந்தாளிகளுக்கு வியர்க்கும் என்று மேனேஜரிடம் சொன்னதும் அதற்கும் உத்தரவு கிடைத்தது.

பூசை அன்று காலையில் ஹாலைக் கழுவித் துடைத்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நானும் கணேசனும் முன்தினமே மெல்லிய கலர்த்தாளை நீள நீளமாக வெட்டி, ஹால் முழுக்க வரிசையாகக் கட்டியிருந்தோம். மேல் நுனியை மட்டும் இறுக்கி, கீழே சும்மா விட்டிருந்தோம். புஷ்பமும் வந்திருந்தார். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்தான், ஆனால் பூசைப் பொரிகடலையை அவர் எந்த வருஷமும் விட்டதில்லையாம். அன்று மட்டும் பொரியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் விஜயதசமி லீவு, அதற்கடுத்த நாள் அவருக்கு விசாரணை.

எனக்குப் பயம்தான். ஆடவில்லையென்றால்? ஆடாத தோரணத்தைக் கட்டிவிட்டு, ஆடுகிற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்பது? அதைவிடப் புஷ்பம் எங்கே போவார்? பிளான்ட்டைப் போடும் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்தேன்.

ஹால் முழுக்கத் தோரணங்கள் ஜாலி பக்கமாக லேசாகச் சாய்ந்து நின்றன. மூலையில் மட்டும் எல்லாம் சேர்ந்து ஜன்னல் பக்கம் போயின. தொய்ந்தன. எல்லாம் சேர்ந்து நடைபாதைப் பக்கம் போயின. மறுபடி ஜன்னல்.

முதலில் கவனித்தது முதலாளியின் அக்கா. "ஏய், என்னப்பா இது, அங்க மட்டும் சாமி வந்த மாதிரி ஆடுது!" என்றார்.

முதலாளி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற தம்பியிடம் தங்கள் வீட்டுத் தெலுங்கில், "சூடு ரா, சூடு" என்று, பாருடா பாரு என்கிற அர்த்தத்தில், காட்டினார். பொரித் தட்டோடு எல்லாரும் அந்த மூலைக்கு வந்து கூடிவிட்டார்கள்.

"யாரோ ஃபேன் வச்சிருக்காக சார்" என்றார் மேனேஜர். ஃபேனைத் தேடினார், இல்லை. "ஜன்னல் தொறந்திருக்கும்" என்றார். மில் ஜன்னலைக் கட்டின நாளிலிருந்து யாரும் திறந்ததில்லை. கடைசியில் தோரணத்தையே பிடித்து நிறுத்தினார். ஒன்றைப் பிடித்தால் மற்றதெல்லாம் அவர் முகத்தில் அடித்தன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கணேசனைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

லேப்டாப்பைத் திறந்து முதலாளிக்குக் காட்டினேன். திரையில் காற்று ஜன்னல் பக்கம் போகிறது, நடைபாதைப் பக்கம் போகிறது. அவர் திரையை ஒரு தடவை, தோரணத்தை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தார். கேபின் இல்லாத கணக்கையும் காட்டினேன்.

"இந்தக் கேபினை எப்பக் கட்டுனிய?" என்று மேனேஜரைக் கேட்டார்.

"போன வருஷம் சார்."

"இந்தப் பிள்ளை மேல கம்ப்ளெயின்ட்டு?"

"அதுக்குப் பொறவுதான் சார்."

"சரி. மெமோவை வாபஸ் வாங்கிருங்க. விசாரணையும் வேண்டாம். புஷ்பத்தை வேற ஃபிரேமுக்கு மாத்தி விட்ருங்க, அது நல்ல காத்துல நிக்கட்டும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். கணேசன்கூட லேப்டாப்பை மூடப் போனார்.

"நான் போக மாட்டேன் சார்" என்றார் புஷ்பம்.

எல்லாரும் திரும்பினோம். அவர் கையிலிருந்த பொரியை மடியில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான் போனா இந்த மூலைக்கு இன்னொருத்தி வருவா. அவளும் இப்படித்தான் ஒட்டி ஒட்டிச் சாவா. அவளுக்கும் மெமோ குடுப்பிய. அவளுக்கு யாரு வந்து தோரணம் கட்டுவா? என்னைய ஏன் மாத்துதிய? அதை மாத்துங்க சார்."

கேபினைக் கையால்கூடக் காட்டவில்லை, முகவாயை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி எனக்கே தோன்றியிருக்கவில்லை. ஆளை மாற்றினால் மூலையும் அடங்கிவிட்டதாக நானும்தான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி மேனேஜரிடம், "நாளைக்கே ஃபிட்டரை வரச் சொல்லுங்க. மில்லு ஓடுறதுக்கு முன்னாடி அது அங்க இருக்கக் கூடாது" என்றார்.

உங்களில் போன் செய்தவருக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கோடு இறங்காவிட்டால் முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகப்படுங்கள், அது முறை. கட்டத்தைப் பொடியாக்குங்கள், நேரத்தோடு ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் காற்று நிஜமாகவே ஆடுகிறதோ என்று கேளுங்கள். எண்ணெயை ஊற்றி அடக்கிவிட்டுப் படத்தைக் கலரில் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்தப் படத்தின் கீழே யாரோ ஒருவர் நின்று வேலை பார்க்கிறார்.

பூசைக்கு மறுநாள் கேபினைக் கழற்றும்போது நானும் போயிருந்தேன். புஷ்பம் லீவு என்றும் பார்க்காமல் வந்திருந்தார். பிளான்ட்டை மட்டும் ஓடவிட்டிருந்தார்கள். கண்ணாடி ஒவ்வொன்றாக இறங்க இறங்க, மூலைத் தோரணங்கள் ஆட்டத்தை விட்டு, மற்றதைப் போல் ஜாலி பக்கம் சாய்ந்து நின்றன. மேஜையையும் ஃபைலையும் ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் தன் நாற்காலியை மட்டும் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெறும் தரையில் நின்றார்.

புஷ்பம் அவர் பக்கத்தில் போய், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"சார், செத்த நேரம் இங்கனயே உக்காருங்க. இப்ப இங்க காத்து நல்லா வருது."